உப்புப் பூக்காத முகம்

பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கிற பெண்களுக்குக் காலில் வெட்டுப்படுவது ஒரு சமாசாரமே இல்லை. கடலுக்கடியில் கிடக்கிற பவளப் பாறையை அவர்கள் 'பார்' என்பார்கள். சாணை பிடித்த அரிவாள் தோற்றுவிடும், அவ்வளவு கூர். ரப்பர்ச் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினாலும் குதிகாலிலோ விரலிடுக்கிலோ ஒரு கீறல் போடாமல் அது யாரையும் மேலே அனுப்பாது. உப்புத்தண்ணீர் பட்டு எரிகிறபோது இராமலட்சுமி அந்தப் பாரையும் அதைப் படைத்தவனையும் சேர்த்துத் திட்டுவாள். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி முத்தழகு திட்டமாட்டாள். அவளுக்குத்தான் வலிக்காதே.

"இருபத்தஞ்சு வருசமா இந்தக் கடல்ல முங்குறேன். என் காலுக்கும் பாருக்கும் பழகிப்போச்சு. ஒனக்குத்தான் இன்னும் பூப்பாதம்" என்று நாத்தனாரைச் சீண்டுவாள்.

இராமலட்சுமிக்கு மதினியின் கால்மேல் பொறாமை. அதை அவள் ஒளித்ததும் இல்லை. ஒருநாள் கரைக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது முத்தழகின் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பார்த்துண்டு ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நீந்தியிருக்கிறாள், தெரியவே இல்லை. கூட வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். முத்தழகு கோப்பை வாங்கியவள் போலச் சிரித்தபடி அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள். அது பெருமைப்படுகிற காரியம் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

முத்தழகுக்கு வயது ஐம்பத்திரண்டு. சுகர் வந்து ஒன்பது வருடம். முதல் இரண்டு வருடம் பாகற்காயும் வெந்தயமுமாகக் கழிந்தது. அப்புறம் மாத்திரை. மாத்திரையும் கடலுக்குப் போகிற நாளில் கிடையாது. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் மயங்கிவிட்டால் யார் பிடிப்பது என்பது அவள் வாதம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசிக்குப் போவாள். அந்தப் பன்னிரண்டு நாளும் மாத்திரைக்கு லீவு.

மாதம் ஒருமுறை வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற சுகாதாரப் பணியாளர் துர்காதேவி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னப் பெண்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"சுகர் இருக்கவுகளுக்கு நெஞ்சு வலிக்காமலே அட்டாக் வரும்க்கா. வலி வரட்டும், பாத்துக்கிருவோம்னு இருக்கக்கூடாது. திடீர்னு மூச்சு வாங்கும், ஒடம்பு அசந்துபோகும், சம்பந்தமில்லாம வேர்த்து ஊத்தும். அப்படி வேர்த்தா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். என்ன?"

முத்தழகு பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த இராமலட்சுமியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "நாங்க நாள் பூரா தண்ணிக்குள்ள கெடக்குறவுக தாயி. எங்களுக்கு எங்கன வேர்க்கும்?"

மூவரும் சிரித்தார்கள். துர்காதேவிக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இராமலட்சுமி பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு தடவ சுகர் பாத்துருங்கக்கா, விரல நீட்டுங்க" என்றாள். மீன் வாடை அடிக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இராமலட்சுமி நழுவிவிட்டாள். பார்த்தால்தானே இருக்கிறது என்று தெரியும், பார்க்காவிட்டால் இல்லை. இது அவள் கணக்கு. அவள் கணக்கு மட்டுமா, அந்தத் தெருவுக்கே அதுதான் கணக்கு.

பாசிக்குப் போவதில் ஒரு முறை உண்டு. இரண்டு பேருக்கு ஒரு தெர்மாகோல் மிதவை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டிக்கொண்டு ஒருத்தி கீழே முங்கினால், மற்றவள் மிதவையைப் பிடித்தபடி மேலே நிற்பாள். நிற்கும்போது சும்மா நிற்கமாட்டாள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பாள். கீழே போனவள் எத்தனை எண்ணுக்குள் வருவாள் என்பது ஜோடிக்குத் தெரியும். அந்த எண் தாண்டினால் குனிந்து பார்ப்பாள். இன்னும் தாண்டினால் முங்கிவிடுவாள். கட்டின புருசனுக்குக்கூடத் தெரியாத கணக்கு அது.

முத்தழகின் எண் அறுபது. எட்டுப் பேராக ஒரு படகில் போவார்கள், அவர்களில் வேறு யாருக்கும் அவ்வளவு தம் கிடையாது. முதலில் குதிப்பவளும் அவள்தான், கடைசியாக ஏறுபவளும் அவள்தான்.

போன புரட்டாசிக்கு அப்புறம் அந்த எண் இறங்கத் தொடங்கியது. அறுபது நாற்பதாகி, கார்த்திகையில் முப்பதாகி, தை பிறந்தபோது இருபதைத் தொட்டுவிட்டது. இருபது எண்ணுவதற்குள் மேலே வந்து, மிதவையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுவாள்.

"என்ன மதினி?"

"வயசாகுதுல்ல. வெளிய சொல்லிறாத."

வெளியே சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு படகில் வந்துகொண்டிருந்த ஒருத்திக்குத் தம் குறைந்துபோனது. அவளை இனி ஏற்ற வேண்டாம், கீழே போய் மூச்சடைத்துக்கொண்டால் எல்லோருக்கும் பாவம் என்று முதலில் சொன்னவளே முத்தழகுதான். அந்தப் பெண் இப்போது கரையோரம் அலை ஒதுக்கிய பாசியைக் கூடையில் பொறுக்கிக்கொண்டு திரிகிறாள். அவளைக் கடந்து படகுக்கு நடக்கும் ஒவ்வொரு விடியலிலும் முத்தழகு தலையைக் குனிந்துகொள்வாள். தான் போட்ட சட்டம் தன் வாசலுக்கே வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஆகவே இராமலட்சுமி ஒரு வேலை செய்தாள். தான் எடுத்த பாசியில் ஒரு பங்கை, யாரும் பார்க்காதபோது, மதினியின் பைக்குள் திணித்தாள். மற்றவர்கள் கண்ணுக்கு முத்தழகின் பை எப்போதும் போல நிறைந்திருந்தது. இராமலட்சுமியின் பை இளைத்தது. "என்னக்கா, பகல்ல கனவு காணுறியா?" என்று படகில் இளையவளான கலைச்செல்வி கிண்டல் பண்ணுவாள். இராமலட்சுமி பாரைத் திட்டிச் சமாளிப்பாள். ஐந்து மாதம் இது நடந்தது. மதினிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவள் நம்பினாள்.

மாசி அமாவாசைக்கு மறுநாள். ஒரு வாரமாக அடித்த காற்று நின்று, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. மேலிருந்து பார்த்தாலே பாரில் பாசி ஆடுவது தெரிந்தது. இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம் என்பதால் எல்லோருக்கும் உற்சாகம். படகு ஓட்டுகிற முனீஸ்வரன்கூடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நங்கூரம் போட்டான்.

முத்தழகு வழக்கம் போல முதலில் குதித்தாள். முதல் முங்கலில் பதினெட்டு. அடுத்ததில் பதினைந்து. ஐந்தாவதில் பத்தைத் தாண்டவில்லை. மேலே வந்தவள், "கை ரெண்டும் கனக்குதுடி" என்றாள். அவள் உடம்பைப் பற்றிப் புகார் சொல்லி இராமலட்சுமி கேட்டது அரிது. படகில் ஏறிப் படுக்கச் சொன்னாள். மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். அதுதான் புதிது.

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க எல்லோரும் படகேறினார்கள். முத்தழகு இன்ஜின் பெட்டிமேல் சாய்ந்திருந்தாள். கஞ்சி வேண்டாம் என்றாள்.

"லோ சுகரா இருக்கும்க்கா. மிட்டாயக் குடு" என்றாள் கலைச்செல்வி. முத்தழகு எப்போதும் தூக்குவாளிக்குள் வைத்திருக்கிற கடலைமிட்டாயை எடுத்து இராமலட்சுமி அவள் வாயில் போட்டாள். முத்தழகு மென்றாள், விழுங்கினாள். எந்த மாற்றமும் இல்லை.

"புரட்டாசியிலயும் இப்படித்தான் படுத்துக் கெடந்தா. ஒரு சோடா குடிச்சதும் எந்திரிச்சிட்டா. வயித்துல கேஸுதான்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். அது படகில் பழைய கதை. புரட்டாசிப் பௌர்ணமியன்று முத்தழகு மத்தியானம் வாந்தி எடுத்துவிட்டு, தாடை வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்று படகிலேயே படுத்துவிட்டாள். முந்தின நாள் மீன்குழம்புதான் குற்றவாளி என்று இராமலட்சுமியே தீர்ப்புச் சொல்லி, முதுகை நீவி, சோடாவைக் குடிக்கவைத்து, ஒரு மணி நேரத்தில் எழுப்பித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள்.

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு இராமலட்சுமி மதினியைப் பார்த்தாள். அப்புறம் மற்றவர்களைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி மதினியை.

தண்ணீரிலிருந்து ஏறி வெயிலில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு காய்ந்து உப்புப் பூத்துவிடும். புருவம், கன்னம், மேலுதடு எல்லாம் வெள்ளை. மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். படகில் இருந்த ஏழு முகங்களும் அப்படித்தான் இருந்தன. எல்லோருக்கும் முன்னால், அரை மணி நேரத்துக்கு முன்பே ஏறிய முத்தழகின் முகம் மட்டும் நனைந்திருந்தது.

இராமலட்சுமி உலர்ந்த துண்டை எடுத்து மதினியின் நெற்றியைத் துடைத்தாள். தோல் சில்லென்றிருந்தது. அந்த வெயிலில் தொட்ட இடமெல்லாம் சுட, இவள் நெற்றி மட்டும் ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. துடைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மயிர்க்காலோரம் முத்து முத்தாக மறுபடி துளிர்த்தது.

எங்களுக்கு எங்கன வேர்க்கும்?

இராமலட்சுமி மதினியின் முகத்தருகே குனிந்தாள். "மதினி, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லடி. சும்மா அசதி."

"சத்தியமா?"

"எங்கயும் வலிக்கல. தூங்கவிடு."

"முனீசு, நங்கூரத்தத் தூக்கு. கரைக்குப் போவோம்" என்றாள் இராமலட்சுமி.

முனீஸ்வரன் தயங்கினான். "ஒரு மணி நேரம் பொறுத்தா எல்லாரும் வேலைய முடிச்சுட்டுச் சேந்து போயிரலாம்க்கா."

"ஒரு வாரங் கழிச்சு இன்னைக்குத்தான் தண்ணி தெளிஞ்சிருக்கு" என்றாள் கலைச்செல்வி. "அவுகளே ஒண்ணுமில்லங்குறாக. ஒனக்கு என்னக்கா?"

முத்தழகு கண்ணைத் திறக்காமல், "அவ கெடக்குறா. யாரும் போக வேணாம்" என்றாள்.

இராமலட்சுமி மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தம் குறைந்த கதையைச் சொல்லிவிட்டால் முத்தழகு இனி இந்தப் படகில் கால் வைக்க முடியாது. சொன்னவள் முகத்திலும் ஆயுசுக்கும் விழிக்கமாட்டாள், அவ்வளவு ரோசக்காரி. தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு மணி நேரந்தானங்குற. நான் அஞ்சு மாசமாப் பொறுத்துட்டேன் முனீசு. இவளுக்குத் தம் போயி அஞ்சு மாசமாச்சு. இருவது எண்ணுறதுக்குள்ள மேல வந்துருவா. இவ பையில இருந்த பாசியில பாதி நான் போட்டது. இன்னைக்குப் பத்துகூடத் தாங்கல. எல்லாரு மூஞ்சியவும் பாருங்க, இவ மூஞ்சியவும் பாருங்க. உப்பு எங்க? இது தண்ணியில்ல, வேர்வை."

"அடிப் பாவி" என்றாள் முத்தழகு. கண்ணைத் திறந்து நாத்தனாரைப் பார்த்த பார்வையில் அத்தனை கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. அது பயம் என்று இராமலட்சுமிக்குப் புரிந்தது.

கலைச்செல்வி எழுந்து வந்து முத்தழகின் கன்னத்தில் புறங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். "ஏண்ணே, நின்னுக்கிட்டே இருக்க, தூக்குண்ணே நங்கூரத்த!" என்று கத்தினாள். கரை நெருங்கி ஃபோனில் டவர் கிடைத்ததும் 108-க்குக் கூப்பிட்டுப் பேசியவளும் அவள்தான்.

பாம்பன் பாலத்தில் ஆம்புலன்ஸ் போகும்போது முத்தழகு ஒரே ஒரு முறை பேசினாள். "என் கண்ணாடி படகுல கெடக்கு. எடுத்து வையி." ஆம்புலன்ஸில் இருந்தவர் மென்று முழுங்கச் சொல்லி மாத்திரைகள் கொடுத்திருந்தார். நெஞ்சில் ஒட்டிய வயர்களைப் பார்த்துக்கொண்டே யாருக்கோ ஃபோனில் எண்கள் சொல்லிக்கொண்டிருந்தார். இராமலட்சுமி பழக்கத்தில் எண்ணிக்கொண்டே போனாள். எத்தனை வரை எண்ணுவது என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரியவில்லை.

இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் முத்தழகைப் பார்த்த டாக்டரின் பெயர் லாமியா. புதுமடத்துப் பெண். தலையில் சுற்றிய துணிக்குமேல் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக இருந்தாள். இ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் ஓட்டம் அதிகமானது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். அப்புறம் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். தங்கச்சிமடத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார். வந்தவர் சுவரோரம் குந்திக்கொண்டார். இராமலட்சுமியும் குந்தினாள். காயாத நைட்டியும் அதன்மேல் சட்டையுமாக, பாசி வாடையோடு, மாலைவரை அங்கேயே கிடந்தாள். அன்றைக்கு அவள் வேண்டாத தெய்வம் பாக்கியில்லை.

சாயங்காலம் லாமியா வெளியே வந்தாள். "பொழச்சுட்டாங்க. சரியான நேரத்துல கொண்டாந்தீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கொஞ்சம் தெளிஞ்சதும் மதுரைக்கு அனுப்பி அடைப்பைப் பாக்கணும்" என்றாள். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் ஸ்கேன் எடுத்த பிறகு லாமியா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அண்ணன் மாத்திரை வாங்கப் போயிருந்தார். இராமலட்சுமி மட்டும் இருந்தாள்.

"இவங்களுக்கு இது ரெண்டாவது அட்டாக். மொதல்ல ஒண்ணு வந்து, இதயத்துல ஒரு பக்கம் அப்பவே பழுதாகியிருக்கு. அதனாலதான் மூச்சு வாங்கியிருக்கு. ஆறு மாசத்துக்குள்ள எப்பவாவது ரொம்ப முடியாமப் போச்சா?"

"இல்லயே டாக்டரம்மா. நெஞ்சு வலின்னு சொன்னதே இல்ல."

"நெஞ்சு வலி இருக்காதும்மா. சுகர் நெறைய வருசம் கட்டுப்பாடு இல்லாம இருந்தா நரம்பு மழுங்கிப்போகும். கால் நரம்பு மட்டுமில்ல, இதயத்து நரம்பும்தான். உள்ள அடைச்சுக்கிட்டாலும் வலின்னு வந்து சொல்ல ஆள் இருக்காது. வாந்தி, அசதி, தாடை வலி, அப்படி ஏதாவது?"

இராமலட்சுமியின் கையில் சோடா பாட்டிலின் குளிர்ச்சி அப்படியே வந்து உட்கார்ந்தது. எழுந்திரி மதினி, பார் கண்ணுக்குத் தெரியுது, போவோம் வா என்று கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியது யார்? கலைச்செல்வி இல்லை, முனீஸ்வரன் இல்லை. இவள்தான். வெடித்துக்கொண்டிருந்த இதயத்தோடு ஒருத்தியைக் கடலுக்குள் இறக்கிவிட்டு, அவள் மேலே வரும்வரை நிம்மதியாக எண்ணிக்கொண்டு நின்றதும் இவள்தான்.

"இருந்துச்சு" என்றாள். "புரட்டாசியில."

லாமியா எழுதிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இராமலட்சுமிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் முத்தழகைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, லாமியா பேனா மாதிரி ஒரு குச்சியை எடுத்தாள். அதன் முனையில் தூண்டில் நரம்பு போல மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண மூடிக்கங்கம்மா. கால்ல தொடுறப்ப எல்லாம் 'ஆமா' சொல்லுங்க."

முத்தழகு கண்ணை மூடிக்கொண்டாள். லாமியா பெருவிரலில் தொட்டாள். சுண்டுவிரலில், உள்ளங்காலில், பழைய பார்வெட்டுத் தழும்புகள் மேல், குதிகாலில் என்று இரண்டு காலிலும் பத்து இடம் தொட்டு முடித்துக் குச்சியை மூடினாள்.

முத்தழகு பொறுமையாகக் காத்திருந்தாள். அப்புறம், "எப்பத் தாயி ஆரம்பிப்பீக?" என்று கேட்டாள்.

கண்ணைத் திறந்து லாமியாவைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், மூடியிருந்த குச்சியைப் பார்த்தாள். விவரமானவள், விளக்கம் தேவைப்படவில்லை. காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். பழகிப்போச்சு என்று அத்தனை பேர் மத்தியில் பெருமையடித்த கால் அது.

லாமியா போன பிறகு இராமலட்சுமி ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். முந்தின நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். "மதினி, புரட்டாசியில ஒனக்கு வந்ததும் அட்டாக்குத்தானாம். நான்தான் கேஸுன்னேன். நான்தான் சோடாவக் குடுத்துத் தண்ணியில எறக்குனேன்." சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் இல்லை.

முத்தழகு அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு ஒடம்பு என்னமோ பண்ணுதுன்னு எனக்கே தெரிஞ்சுது ராமு. செத்துருவேனோன்னுகூட வந்துச்சு. நீ கேஸுன்னு சொன்னதும் எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? வேற எவளாச்சும் ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா அவ மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்." நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டாள். "அந்தப் பொய்ய நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் அவிச்சுத் தின்னோம். நீ மட்டும் அழுகாத."

"இனிமே ஒன்னயப் படகுல ஏத்தமாட்டாக மதினி."

"ஏத்தக்கூடாது. நான் போட்ட சட்டந்தான." கண்ணில் நீர் கோத்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தி, நாத்தனாரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். வயர் சுற்றின மாதிரி காய்ப்பேறிய விரல்கள். "நீ எப்ப சுகர் பாத்த?"

"நான் எங்க பாத்தேன்?"

"போ. கீழ பாக்குறாகளாம். பாத்துட்டு வந்து என்கிட்ட பேசு."

"மீன் வாடை…"

"ஆஸ்பத்திரியில எந்த மீன அரிஞ்ச? போடி."

கீழே வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். இராமலட்சுமிக்கு இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று தோன்றியது. முன்னால் நின்ற கிழவர் எண் தெரிந்ததும் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு போனார். அவள் முறை வந்தது. நர்ஸ் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். இருபது வருடம் துணி சுற்றிப் பார் சுரண்டிய விரல், தோல் அல்ல, செருப்புத் தோல். ஒரு விரலில் குத்தினாள், ரத்தம் வரவில்லை. அடுத்த விரலிலும் வரவில்லை. மூன்றாவதாக மோதிர விரலின் பக்கவாட்டில், நகத்தோரம், நன்றாக அழுத்திக் குத்தினாள்.

"ஆத்தாடி!" என்று இராமலட்சுமி கையை உதறினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது.

நர்ஸ் மெஷினைப் பார்த்து எண்ணைச் சொன்னாள். நாளைக்கு வெறும் வயிற்றில் வந்து மறுபடி பார்க்கணும், இன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இராமலட்சுமி மாடிப்படியில் சற்று நேரம் உட்கார்ந்தாள். பயந்துதான் போனாள். அப்புறம் எழுந்து மேலே வந்தாள்.

"எவ்வளவு?" என்றாள் முத்தழகு.

"இருநூத்து நாப்பது."

முத்தழகு தலையை ஆட்டினாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். அப்புறம் நாத்தனாரின் மோதிர விரலைத் திருப்பி, நகத்தோரம் உறைந்திருந்த ரத்தப்புள்ளியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"குத்துனப்ப வலிச்சுச்சா?"

"உசுரே போச்சு மதினி. இப்பவும் விண்விண்ணுங்குது."

"அப்ப நல்லது" என்றாள் முத்தழகு.